பெரட்டு இல்லாத விடியல்கள்

விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இப்போது இந்த வீட்டில் பேரனுடையது. பகலில் நன்றாகத் தூங்கிவிடுகிறான். பள்ளிவாசலில் சுபுஹ் பாங்கு கேட்பதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கிறான். உடனே அழுவதில்லை. முதலில் உதட்டைச் சப்புகிறான், பிறகு வாய் தன் கையையே தேடித் திரும்புகிறது, அப்புறம்தான் ஒரு முனகல். அதற்குள் மகள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைக்கிறேன். எங்கள் குடியிருப்புத் தாமான் முழுக்க உறங்குகிறது. லிங்கி பக்கம் போகும் லாரி ஒன்றின் சத்தம் மட்டும் வந்து தேய்ந்து போகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள், எண்பதைத் தாண்டிய என் அம்மா, நான், பேரன். நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ், மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவில். ஆசிரியர் வேலையில் இருந்தபோது எனக்கு எழுத நேரமில்லை. இப்போது குழந்தை பால் குடிக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

*

குழந்தை அந்த வேளையில் பால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் தாயின் உடம்பில் இரவிலும் விடியலை ஒட்டியும்தான் கூடுதலாக இருக்கும். அந்நேரம் ஊட்டிப் பழகினால் பகலுக்கும் பால் குறையாமல் நிற்கும்.

ரப்பர் மரத்துக்கும் அதே வேளைதான். வெயில் ஏறிவிட்டால் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கும். பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்துவிடும். விடியலுக்கு முன் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் தடையில்லாமல் இறங்கி மங்கு நிறையும். அதனால்தான் தோட்டத்தில் இருட்டிலேயே ஆள்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டு.

ஒரே வேளையில் இரண்டு பேர் பால்வெட்டுக்குப் போன என் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள்: கைக்குழந்தையும் மரமும். மரத்துக்குப் போனால் சம்பளம் இருந்தது.

*

மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது எங்கள் மலாக்கா மாநிலத்தில்தான். 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹான் பெருந்தோட்டமானது. பள்ளியில் பாடம் நடத்தும்போது இந்த ஆண்டைப் பலகையில் எழுதியிருக்கிறேன், பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த மரங்களின் அடியில் குனிந்து நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்களின் கைக்குழந்தைகள் அந்நேரம் எங்கே கிடந்தன என்பது பாடத்தில் இல்லை. இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

வீட்டைவிட்டுக் கிளம்பியதாக அம்மா சொல்லும் ஐந்து மணி இன்றைய ஐந்து மணி அல்ல. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் அவள் சொன்ன ஐந்து, இப்போதைய கணக்கில் ஐந்தரை. பேரன் வயிறு நிறைந்து கண் மூடும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அந்த நேரத்தில் அம்மா என்னைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் விளக்குமாக ஆயாக் கொட்டகைக்கு நடந்திருக்கிறாள்.

“நீ முழிச்சிருந்தா கஷ்டம். தூங்கிட்டிருந்தா அதவிடக் கஷ்டம்.”

ஏன் என்று கேட்டேன்.

“முழிச்சிருந்தா அழுவ, நானும் அழுதுட்டுப் போயிருவேன். தூங்குற பிள்ளய எறக்கி வைக்கத்தான் கை வராது.”

*

ஆயாக் கொட்டகையை நானும் பார்த்திருக்கிறேன், சற்று வளர்ந்த பிள்ளையாக. தகரக் கூரை, பாதிச் சுவர், மேலே குறுக்குச் சட்டம். சட்டத்தில் வரிசையாக ஏணைகள். நடுவில் ஆயா. பால்வெட்டு முடியாத வயதில் ஒரு கிழவியைத்தான் அந்த வேலைக்கு வைப்பார்கள். ஒரு ஏணையைக் கையால் ஆட்டுவாள், பக்கத்து ஏணையின் கயிற்றைக் காலில் மாட்டிக்கொள்வாள். மூன்றாவது அழுதால் அது அழுதுகொண்டே கிடக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு ஒருத்தியை நிறுத்தியது தோட்டம்.

பிள்ளைகளுக்கு அவள் கொடுத்தது பெரும்பாலும் டின்பால். வெந்நீரில் கரைத்தது. வெந்நீர் எப்போதும் கொதித்ததுதானா என்று யார் பார்த்தார்கள்? டின்பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. கரைத்து நீட்டினால் குழந்தைக்கு இனிக்கும், வயிறு நிறையும், உடம்புக்கு ஒட்டாது. 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, தாய்ப்பாலுக்கு மாற்று என்று டின்பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று நேருக்கு நேராகச் சொன்னார். பாலும் கொலையும் என்பதே அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு. அவர் மலாயாவிலும் பணியாற்றியவர், குழந்தைகளை அருகிலிருந்து பார்த்தவர். நாற்பது ஆண்டுகள் கழித்து 1979இல்தான் மலேசியாவில் குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறை வந்தது.

அம்மா சொல்லும் ஒரு செய்தியை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஒன்பது மணிவாக்கில் மரத்தடியில் நிற்கும்போது மாரில் பால் கட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் காற்றில் வந்தால் போதும், தானாக இறங்கி ரவிக்கை நனைந்துவிடும். கங்காணி பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவாள். நிரை முடிந்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவருவதற்குள் உச்சி வெயில் வந்திருக்கும். நான் அதற்குள் டின்பால் குடித்துத் தூங்கியிருப்பேன்.

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துயரம் தெரியவில்லை. கொள்ளுப்பேரனின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். துயரம் எனக்குத்தான்.

*

தோட்டத்தில் எல்லாமே குறை என்று எழுதிவிட முடியாது. அம்மாவைக் கேட்டால் வேறு ஒரு பட்டியலும் வைத்திருக்கிறாள். வலி எடுத்த இரவு பக்கத்து வீட்டுக்காரி தானாக வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். செலவு சாமானை லயத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அரைத்துக் கொடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி வாளி தூக்கக் கூடாதென்று யாரோ ஒருத்தி தண்ணீர் சுமந்தாள். கேட்காமல் வந்தார்கள், வந்த வேலை முடிந்ததும் போனார்கள். தாமான் வீடுகளில் வாசலுக்கு இரும்புக் கதவு இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் போன் செய்கிறார்கள்.

ஆனாலும் வந்தார்கள். எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் விரால் மீன் கொண்டுவந்தார். இங்கே மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் நம்புவது அது, காயம் ஆற நல்லது என்று. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களிலும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவரே ஆள் சொல்லி, மகளுக்கு உருட் என்ற உடம்புப்பிடி செய்ய ஓர் அம்மாவை வரவழைத்தார். நாற்பத்துநாலு நாள் பந்தாங் என்று அவர்கள் காப்பதை நாம் முப்பது கும்பிடும்வரை காக்கிறோம். அடிவயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இரு வீட்டுக்கும் பொது. மகளின் முதுகில் அந்த அம்மாவின் கை இறங்கியபோது அவள் முகத்தில் ஒரு வாரத்துச் சுருக்கம் அவிழ்ந்ததைப் பார்த்தேன்.

பழைய வழக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது? எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. ஓய்வு, சூடான சோறு, பூண்டுக் குழம்பு, உடம்பு பிடித்துவிடும் கை, சுற்றி நாலு பெண்கள் இவையெல்லாம் இருக்கட்டும். தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர், தேன், மூக்கில் எண்ணெய், கண்ணில் மை எதுவும் வேண்டாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் மனமும் குளிரும்.

*

ஏணைக் கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு வாயில் சேலையை எடுத்து வந்தாள். இளம் மஞ்சளில் சிறு பூப் போட்டது, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. என்னையும் தம்பிகளையும் போட்ட ஏணை. இதற்கென்றே இத்தனை வருடம் பத்திரப்படுத்தியிருக்கிறாள். கூடத்துக் கொக்கியில் அதைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார்.

இந்த மிஸ்ஸிகளைப் பற்றி நன்றியோடு எழுத வேண்டும். குழந்தை பிறந்து வீடு வந்ததும் அரசாங்க கிளினிக்குச் செவிலியர் வீடு தேடி வருகிறார். முதல் சில நாள் தினமும், பிறகு இடைவெளி விட்டு. கேட்காமலே வருகிறார். காசு கேட்பதில்லை. தொப்புள்கொடியைப் பார்க்கிறார், குழந்தையின் தோலை விரலால் அழுத்தி மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்கிறார், தாயின் வயிற்றையும் காயத்தையும் பார்க்கிறார், மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்கிறார்.

அவர் வாசலிலேயே நின்று முகர்ந்தார். “உபாட் கெகாட்?” என்றார். அந்துருண்டை. அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பூச்சி அரிக்காமல் இருக்க எப்போதும் போட்டுத்தானே வைப்போம்.

மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார். சில குழந்தைகளின் ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் அப்படிப்பட்ட குழந்தைக்குப் பட்டால், வாடையாக உள்ளே போனாலும்கூட, சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே போகும். மஞ்சள் காமாலை கட்டுக்கடங்காமல் ஏறும்; மூளையைத் தாக்கவும் கூடும். அதனால்தான் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். ஆண்பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குறை அதிகம். பேரனுக்குக் குறை இல்லை என்று மருத்துவமனைச் சீட்டில் இருந்தது. இருந்தாலும் அந்த வாடையே பிள்ளை பக்கம் வேண்டாம் என்றார் மிஸ்ஸி.

“இதுலதான் இதுங்க எல்லாம் வளந்துச்சுங்க” என்றாள் அம்மா, தமிழில், யாரையும் பார்க்காமல்.

சேலையை நான் மடித்தேன். அவள் அன்று அதிகம் பேசவில்லை. இரவில் தானாகத் தொடங்கினாள். லயத்தில் மஞ்சளாகிப் போன பிள்ளைகள் உண்டு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளேறி, பால் குடிக்காமல், உடம்பு வில்லாக வளைந்து. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்து பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். லாரி கிடைப்பதற்குள் முடிந்துவிடும். சாமி எடுத்துக்கிச்சு என்பார்கள். அவர்களில் யாருக்கு எது காரணமோ, இனி யாராலும் சொல்ல முடியாது. 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று மலேசியாவில் அது ஒற்றை இலக்கம்.

அந்த இறக்கத்துக்குப் பெரிய காரணங்களாக மருத்துவமனை, நல்ல தண்ணீர், தடுப்பூசி என்று சொல்வார்கள். எல்லாம் சரி. வாசலில் நின்று முகர்ந்து பார்த்த ஒரு பெண்ணின் மூக்கையும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கிறேன்.

மக்சிக் தன் பழைய பத்தேக் கைலி ஒன்றைக் கொடுத்தார். வெயிலில் உலர்ந்த வாசம் அதில். அதைத்தான் ஏணையாகக் கட்டியிருக்கிறோம். வாயில் சேலை கொல்லைக் கொடியில் காற்றாடுகிறது.

*

மஞ்சள் காமாலையைப் பற்றி இன்னொன்று. நம் கிழவிகள் காலை இளவெயிலில் பிள்ளையைக் காட்டச் சொல்வார்கள். இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் வட்டாரத்து ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வார்டு என்ற மூத்த செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயில் நாளில் தோட்டத்துக்குத் தூக்கிப் போவது வழக்கம். 1956இல் ஒருநாள் அவர் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு முழுதும் மஞ்சள் வெளுத்திருந்தது. விரிப்பின் முனை மூடியிருந்த முக்கோண இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. அதிலிருந்துதான் ஒளிச் சிகிச்சை ஆராய்ச்சி நகர்ந்தது, 1958இல் மருத்துவ இதழில் வெளியானது. இன்று நம் மருத்துவமனைகளில் குழந்தைகளைப் படுக்க வைக்கும் நீல விளக்கின் தொடக்கம் அது.

ஆகவே கிழவிகள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் வெயிலை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடாது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ரத்தம்தான் சொல்லும். நிறத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் தவறும், அதுவும் நம்மைப் போன்ற மாநிறப் பிள்ளைகளில். மிஸ்ஸி குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.

*

மருமகன் பதிவிலாகாவுக்குப் போய் வந்தார். 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரின் எழுத்தைக் காகிதத்தில் எழுதி, எங்கள் எல்லாரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு போனார். என் அப்பாவின் பெயர் என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். தோட்டத்துக் கிராணிக்கு அன்று எப்படிக் கேட்டதோ அப்படி. எங்களுக்காவது தாள் இருந்தது. தாளே இல்லாமல் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் ஏராளம். 2011இல் மைடஃப்தார் என்று இயக்கம் நடத்தித் தேடிப் பதிய வேண்டியிருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது பத்திரம் கேட்டதும் தலை குனிந்த தாய்மார்களை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் வைப்பதற்கு நாள் நட்சத்திரம் பாருங்கள், பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

*

இன்று காலை மூன்று பேரும் விழித்திருந்தோம். மகள் சுவரில் சாய்ந்து பால் கொடுக்கிறாள். அவசரம் இல்லை. குழந்தை இடையில் தூங்குகிறது, பிறகு நினைவு வந்து நாலு மிடறு குடிக்கிறது, மறுபடி தூங்குகிறது. அப்படியே முக்கால் மணி நேரம் போகிறது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு நேரமா குடிக்கும் பிள்ளைங்க?” என்று கேட்டாள்.

நாலு பெற்றவள் அவள்.

எனக்குப் பதில் வரவில்லை. மகள்தான், “ஆமா பாட்டி, எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்” என்றாள்.

*

அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சட்டத்திலிருந்து வந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தாய்க்கு 60 நாள் தந்தது. பிரசவத்துக்கு முன்பு எடுத்த நாளும் அதற்குள் அடக்கம். அம்மாவுக்கு அதுதான், எனக்கு இரண்டு மாதம் ஆகும் முன்பே அவள் நிரைக்குத் திரும்பிவிட்டாள். தனியார் துறையில் அந்த 60 நாள் தலைமுறை தலைமுறையாக அப்படியே இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் 98 நாள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறைந்தபட்சமாகச் சொன்ன 14 வாரம் அது. இந்தியாவில் 2017இல் 26 வாரமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று கிளினிக்குச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். 98 நாள் மூன்றே கால் மாதம். மீதி நாளுக்கு மகள் இப்போதே பாலைப் பீய்ச்சி உறைய வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கடையில் நாள்கூலிக்கு நிற்பவள், காலையில் நாசி லெமாக் கட்டி விற்பவள், குத்தகைக்காரரிடம் கூட்டிப் பெருக்கும் வேலை செய்பவள் இவர்களில் பலருக்கு அந்த 98 நாளும் எட்டுவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இன்று வேறு நாட்டுப் பெண்கள் உரம் வீசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்க வேண்டிய முறை இப்போது நமக்கு.

அதே சட்டம் தகப்பனுக்கும் 7 நாள் சம்பள விடுப்புத் தந்திருக்கிறது. சட்டப்படி மணமானவராக இருக்க வேண்டும், அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்பே, அல்லது பிள்ளை பிறந்ததும் இயன்ற விரைவில், தெரிவிக்க வேண்டும். எங்கள் மருமகன் எடுத்தார். அந்த ஏழு நாளும் அணையாடை துவைத்தார், சோறு வடித்தார், இரவில் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தார். இதைக் கேட்ட உறவினர் சிலர், பொம்பளைங்க இருக்கும்போது அவருக்கு என்ன வேலை என்றார்கள். இருக்கிற பெண்களுக்குத் தூக்கம் என்று ஒன்று இருக்கிறது.

வளைகாப்புக்குக் கூடும்போது வளையல், சேலை, சாப்பாடு எல்லாம் பேசுகிறோமே, அந்தக் கூட்டத்திலேயே மருமகனிடமும் மகனிடமும் கேளுங்கள்: விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்றா? கொடுக்கவில்லை என்றால் அங்கேயே உட்காரவைத்து எழுதவையுங்கள். 30 நாள் கெடுவுக்கு அப்போது நேரம் இருக்கும்.